பழைய மரத் தானிய எலிவேட்டர்களை என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிட்டோபா மாகாணங்களில் காரில் போனால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் எலிவேட்டர் தெரிந்துவிடும். பார்க்க வருகிற உறவினர்களும் நண்பர்களும், அதே ஊர்களில் குடியேறிய நம்மவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ரயில் பாதை ஓரத்துல உயரமா நிக்குதே, அது என்ன கட்டடம்? உள்ளே என்ன இருக்கு?

விவசாயியிடமிருந்து தானியத்தை வாங்கி, தரம் பிரித்து வைத்து, ரயிலில் ஏற்றும் இடம். இந்தக் கட்டடத்தையே எலிவேட்டர் என்கிறார்கள். வண்டி முதலில் எடைமேடையில் ஏறும். தானியத்தைத் தரையில் உள்ள கம்பிச் சட்டம் வழியாகக் குழிக்குள் கொட்டுவார்கள். அங்கிருந்து சின்னச் சின்ன வாளிகள் பொருத்திய பெல்ட் அதை உச்சிக்குக் கொண்டுபோகும். நம் ஊர் அரிசி ஆலைகளில் நெல்லை மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டர் இருக்கிறதே, அதேதான். உச்சியில் ஒரு திருப்புக்குழாய் தானியத்தை வேண்டிய அறைக்குள் விடும். ரயில் பெட்டி வந்ததும் தானியம் தன் எடையாலேயே இறங்கிவிடும்.

நீராவியால் இயங்கிய முதல் எலிவேட்டரை ஜோசப் டார்ட் 1842இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் அமைத்தார். அது பெரிய துறைமுகத்துக்கானது. சமவெளி ஊர்களுக்குக் கட்டியவை அதைவிடச் சிறியவை: உயரம் எழுபது, எண்பது அடி, கொள்ளளவு பெரும்பாலும் 25,000 புஷல் முதல் 40,000 வரை. ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ என்பதால் 25,000 புஷல் என்பது ஏறக்குறைய 680 டன்.

இத்தனை கட்டினாங்க, அப்புறம் ஏன் விட்டுட்டாங்க?

குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்த விவசாயி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அதனால் ரயில் பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒன்றோ ஐந்தாறோ எலிவேட்டர்கள் என்று வளர்ந்தன. 1933இல் மூன்று மாகாணங்களிலும் சேர்த்து 5,758 இருந்தன. இன்று நிற்பவை அதில் ஒரு சிறு பங்குதான்.

லாரியும் நல்ல சாலையும் வந்தபின் தூரம் பொருட்டாக இல்லை. கிளை ரயில் பாதைகளை உயிரோடு வைத்திருந்தது, அரசும் ரயில் நிறுவனமும் 1897இல் செய்த ஒப்பந்தத்திலிருந்து வந்த குறைந்த சரக்குக் கட்டணம். அதன் கடைசி மிச்சமான அரசு மானியமும் 1995இல் நின்றது. அதன்பிறகு ரயில் நிறுவனங்கள் கிளைப் பாதைகளைக் கைவிட்டன, தானியக் கம்பெனிகள் நூறு பெட்டி ரயிலை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் முனையங்களுக்கு மாறின. இன்றைய ரயில் பெட்டி ஒன்று சுமார் 90 டன் பிடிக்கும். பழைய எலிவேட்டர் முழுவதையும் காலி செய்தாலும் ஏழெட்டுப் பெட்டிதான் நிரம்பும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

கம்பெனிக்காரங்க ஏன் இடிச்சே தீர்றாங்க? சும்மா கொடுத்துட்டுப் போகலாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். ஆனால் கட்டடம் கம்பெனியுடையது, மண் பெரும்பாலும் ரயில் நிறுவனத்துடையது. குத்தகை முடிந்தால் மண்ணைக் காலி செய்து கொடுக்க வேண்டும். ஆளில்லாத கட்டடத்தில் சிறுவர்கள் ஏறி விழுந்தாலோ தீப்பிடித்தாலோ பொறுப்பு உரிமையாளர் தலையில்தான். நிற்கும் வரை சொத்து வரியும் உண்டு. வாங்குகிறவர் பக்கத்திலேயே போட்டியாகத் தானிய வியாபாரம் தொடங்கிவிடுவார் என்ற பயமும் இருந்தது. இடித்துவிட்டால் இத்தனை தலைவலியும் ஒரே நாளில் தீரும்.

ஆகவே எலிவேட்டரைக் கேட்கப் போகிறவர் அதன் கீழே உள்ள மண் யாருடையது என்பதை முதலில் கேட்க வேண்டும். கட்டடம் கைக்கு வந்து மண் வராவிட்டால் உங்களுக்குக் கிடைத்தது இடிக்கும் செலவு மட்டுமே.

நல்ல உறுதியான மரம், சுவர் அவ்வளவு தடிமன். வீடா மாத்திக்கலாமே?

வெளியிலிருந்து பார்த்தால் ஆறு மாடிக் கட்டடம் போலத் தெரியும். உள்ளே மாடியே கிடையாது. கீழே வண்டி வரும் பாதை, அதற்குப் பக்கத்திலும் மேலேயும் கிணறு மாதிரி இறங்கும் பதினைந்து, இருபது தானிய அறைகள், உச்சியில் திருப்புக்குழாய் இருக்கும் சின்ன மேல்மாடம். அவ்வளவுதான். ஜன்னல் ஒன்றிரண்டு. மேலே போக ஓர் ஏணி, அல்லது ஒருவர் மட்டும் நின்று கயிற்றை இழுத்து ஏறும் எடைசமன் லிஃப்ட். படுக்கையறை எங்கே வைப்பீர்கள்?

மனிதர் தங்கும் கட்டடம் என்றால் வெளிச்சம், வெப்பக்காப்பு, தண்ணீர், தீ வந்தால் தப்பிக்க இரண்டு வழிகள் எல்லாம் விதிப்படி வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அதே பணத்தில் பக்கத்திலேயே புது வீடு கட்டி, எலிவேட்டருக்குப் பெயின்டும் அடித்துவிடலாம்.

சுவரை வெட்டி ஜன்னல் வைக்க முடியாதா? உள் அறைகளை எடுத்துட்டா பெரிய ஹால் கிடைக்குமே?

சுவர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் இந்த ஆசை கொஞ்சம் அடங்கும். தூண் நிறுத்திப் பலகை அடித்த சுவர் இல்லை இது. பலகைகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு பெரிய ஆணி அறைந்து எழுப்பியது. தானியத்தின் அழுத்தம் அடியில்தான் அதிகம் என்பதால் கீழே எட்டு அங்குல அகலப் பலகை, மேலே போகப் போக ஆறு, நான்கு. மூலைகளில் வெளிச்சுவரும் உள்சுவரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். குறுக்கே இரும்புக் கம்பிகள் சுவர்களை இழுத்துப் பிடித்திருக்கும்.

அதனால் உள் அறையின் சுவரை எடுத்தால் வெளிச்சுவரின் பிடிமானத்தையும் எடுக்கிறீர்கள். ஓரிரு அறைகளைத் திறக்கலாம், சிறிய வாசல் வெட்டலாம். ஆனால் அறுக்கும் முன்பே புதிய தாங்கு சட்டம் வந்திருக்க வேண்டும், மரக் கட்டுமானம் தெரிந்த பொறியாளர் கையெழுத்தும் வேண்டும். ‘பார்த்துக்கலாம்’ என்று ரம்பத்தை எடுக்கிற வேலை இல்லை.

தென்னாப்பிரிக்காவுல மியூசியம் பண்ணியிருக்காங்க, அமெரிக்காவுல ஹோட்டல் பண்ணியிருக்காங்க. இங்கே ஏன் முடியாது?

அவை கான்கிரீட். கேப் டவுன் துறைமுகத்தின் 1920களைச் சேர்ந்த சைலோ, அதாவது உயரமான தானியச் சேமிப்புக் கட்டடம், 2017இல் ஜைட்ஸ் அருங்காட்சியகமாகத் திறந்தது. வடிவமைத்தவர் தாமஸ் ஹெதர்விக். கான்கிரீட் குழாய்களை உள்ளிருந்து குடைந்தெடுத்துக் கூடம் அமைத்தார்கள். ஓஹையோவின் ஆக்ரன் நகரில் ஓட்ஸ் கம்பெனி ஒன்றின் வட்ட சைலோக்கள் ஒரு காலத்தில் ஹோட்டலாக இயங்கின. இலினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில் சைலோக்களுக்குள் பாறையேற்றப் பயிற்சிக்கூடம் அமைத்தார்கள்.

கான்கிரீட் எளிதில் எரியாது, இற்றுப்போகாது, குடைந்தபின்னும் நிற்கும். அதைவிட முக்கியம், அந்தக் கட்டடங்கள் நகரத்துக்குள் இருக்கின்றன. நம் மர எலிவேட்டர் நிற்பது சில நூறு பேர் வாழும் ஊரில். ஹோட்டல் கட்டினால் யார் வந்து தங்குவார்கள்?

அப்போ மரத்துல எதுவுமே உருப்படலையா?

நிறையவே உருப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் 1980களிலிருந்து ஒரு எலிவேட்டர் கட்டடத்தில் ஓவியக்கூடம் இயங்குகிறது. உள்ளே ஏறிச்செல்லும் நடைபாதையின் சுவரில் படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஆல்பர்ட்டாவின் பாரடைஸ் வேலியில் பழைய எலிவேட்டருக்குள் ஏறிக்கொண்டே அந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்க்கலாம். இரண்டிலும் எனக்குப் பிடித்தது, கட்டடத்தின் உயரத்தோடு சண்டை போடாமல் அதையே காட்சியாக்கியதுதான்.

மற்றவை தம்மையே காட்டும் அருங்காட்சியகங்கள். மானிட்டோபாவின் இங்லிஸில் 1922க்கும் 1941க்கும் இடையில் கட்டிய ஐந்து எலிவேட்டர்கள் வரிசை கலையாமல் நிற்கின்றன. அது தேசிய வரலாற்றுத் தலம். ஆல்பர்ட்டாவின் செயின்ட் ஆல்பர்ட்டில் 1906இலும் 1929இலும் கட்டிய இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தொழில்நுட்பம் மாறியதை ஒரே நடையில் பார்த்துவிடலாம். அதே மாகாணத்தின் நான்டன் ஊர்க்காரர்கள் 2001வாக்கில் இடிப்பு நெருங்கிய நேரத்தில் தடுத்து நிறுத்தினார்கள். அங்கேயே லெடூக் ஊரில் இருப்பது 1978இல் கட்டியது. மரத்தில் அடுக்கிக் கட்டும் முறை அவ்வளவு காலம் நீடித்தது பலருக்குத் தெரியாது. எல்லைக்கு அப்பால் இலினாயின் அட்லான்டா ஊரில், 1900களின் தொடக்கத்தில் கட்டிய ஹாஸ் எலிவேட்டரை மீட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

எல்லா ஊரும் மியூசியம் வெச்சா யார் போய்ப் பார்ப்பாங்க?

நியாயமான கேள்வி. ஒரு மாகாணத்துக்கு இருபது எலிவேட்டர் மியூசியம் தேவையில்லை. பெரிய நகரத்துக்கு அருகிலோ சுற்றுலாப் பயணிகள் போகும் சாலையிலோ இல்லாத ஊர், தன்னார்வலர்களை நம்பிக் கோடைகாலத்தில் மட்டும் கதவு திறக்கும். அந்தத் தன்னார்வலர்களுக்கும் வயதாகிறது.

அப்படிப்பட்ட ஊருக்கு என் பரிந்துரை, கோபுரத்தைத் தொடாதீர்கள், கீழே இருப்பதைப் பயன்படுத்துங்கள். வண்டிப்பாதை அகலமான, கூரையுள்ள இடம்; கோடையில் சந்தை, இசை நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு எல்லாம் நடத்தலாம். தீ விபத்துக்குப் பயந்து, எலிவேட்டரை நடத்திய கம்பெனி ஏஜென்டின் அலுவலகத்தையும் இன்ஜின் அறையையும் பெரும்பாலும் சற்றுத் தள்ளித் தனியாகக் கட்டியிருப்பார்கள். அந்தச் சின்னக் கட்டடம் காபிக்கடைக்கும் கைவினைக் கடைக்கும் கச்சிதம். தானிய அறைகள் பூட்டியே இருக்கட்டும். எந்த உபயோகமானாலும் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும்.

வேற எதுக்கு இத்தனை யோசனை? தானியம் வைக்கவே திரும்பப் பயன்படுத்த முடியாதா?

என்னைக் கேட்டால் இதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. பல எலிவேட்டர்கள் இன்றும் தனி விவசாயிகளின் கையில் சொந்தச் சேமிப்பாக இருக்கின்றன. கனடாவில் விவசாயி தானே ரயில் பெட்டி கேட்டு நிரப்பி அனுப்பும் உரிமை 1900களின் தொடக்கத்திலேயே சட்டத்தில் வந்துவிட்டது. பெட்டி ஒதுக்கீட்டில் நியாயம் கேட்டு 1902இல் சின்டலூட்டா ஊர் விவசாயிகள் ரயில் நிறுவனத்தின் ஏஜென்டை நீதிமன்றத்துக்கு இழுத்து ஜெயித்தார்கள். அந்த உரிமை இருப்பதால், ரயில் இன்னும் வரும் இடத்தில் பழைய எலிவேட்டருக்கு வேலை உண்டு. ஆல்பர்ட்டாவில் கேம்ரோஸிலிருந்து அலையன்ஸ் வரை போகும் பாதையை விவசாயிகளே கூட்டுறவாக வாங்கி நடத்துகிறார்கள்.

அறைகள் சிறியவை என்பது இங்கே நல்லதாகப் போகிறது. பெரிய முனையத்துக்கு ஒரே தரக் கோதுமை மலைமலையாக வேண்டும். விதைத் தானியம், இயற்கை விவசாய விளைச்சல், பறவைத் தீவனம், பருப்பு வகைகள் இவற்றைக் கலக்காமல் தனித்தனியாக வைக்கச் சின்ன அறைகள் தோது. சஸ்காட்செவன் உலகின் பெரிய பருப்பு வயல்களில் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வேகும் மைசூர்ப் பருப்பில் கணிசமானது இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான்.

எங்க ஊர்ல தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்க. வேற இடத்துக்கு நகர்த்த முடியுமா?

முடியும். வீடு நகர்த்தும் தொழில் இந்தச் சமவெளியில் நன்றாகவே வளர்ந்தது, எலிவேட்டர்களையும் பல காலமாக நகர்த்தியிருக்கிறார்கள். ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்பு உத்தரங்களை நுழைத்து, சக்கரத்தில் ஏற்றி மெதுவாக இழுத்துப் போவார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் பண்ணைக்குக் கொண்டுபோன விவசாயிகள்.

தூரத்தைவிடச் செலவைக் கூட்டுவது வழியில் உள்ள மின்கம்பிகளும் பாலங்களும். புதிய இடத்தில் அடித்தளமும் குழியும் புதிதாக வேண்டும். மியூசியத்துக்காக நகர்த்துவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தண்டவாளம், பெட்டிகளை நிறுத்தும் பக்கத் தண்டவாளம், பக்கத்து எலிவேட்டர், ஊரின் பிரதான தெரு எல்லாவற்றோடும் சேர்ந்துதான் அது புரியும். இடிப்பு ஒன்றே மாற்று என்றால் நகர்த்துங்கள்.

பலகையைப் பிரிச்சு வித்தா நல்ல காசு வரும்னு சொல்றாங்களே?

வரும், ஆனால் கூலி பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். மேலே சொன்ன அடுக்குச் சுவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பலகையும் அடுத்ததோடு ஆணியால் அறையப்பட்டது. ஆணியைப் பிடுங்காமல் அறுத்தால் ரம்பம் போய்விடும், அவசரப்பட்டு நெம்பினால் பலகை பிளந்துவிடும்.

மரம் பெரும்பாலும் டக்ளஸ் ஃபர் அல்லது ஸ்ப்ரூஸ், பழைய காட்டிலிருந்து வெட்டிய நெருக்கமான வளையங்கள் உடையது. அறையின் உட்பக்கத்தில் பல பத்தாண்டுகள் தானியம் உரசி ஓடியதில் மென்மையான நாரெல்லாம் தேய்ந்து, கெட்டியான வரிகள் மட்டும் மேடாக நிற்கும். இயந்திரத்தால் இந்தத் தோற்றத்தைக் கொண்டுவருவது கடினம். மேசைக்கும் உணவகச் சுவருக்கும் விலை கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். வெளிப்பக்கப் பலகையை அப்படி விற்காதீர்கள். அதில் பழைய ஈயப் பெயின்ட் இருக்கலாம்.

எங்க ஊர் எலிவேட்டர் தகரம் போட்டு நல்லாத்தான் இருக்கு. முதல்ல எதைச் சரி பண்ணணும்?

கூரை. இரண்டாவதாக அடி. மற்றதெல்லாம் காத்திருக்கும். கூரையில் விழுந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் அடுக்குப் பலகைகளுக்கு நடுவே தங்கி, வெளியே தெரியாமலேயே இற்றுப்போக வைக்கும். தகர உறை அதை மறைத்தும் வைக்கும். அடியில் குழிக்குள் நிலத்தடி நீர் ஊறும், அடிமட்ட உத்தரங்கள் ஈரமாகவே கிடக்கும். ஒரு கூரான ஆணியை எடுத்து உத்தரத்தில் குத்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புது உபயோகம் என்ன என்ற விவாதத்தில் இரண்டு வருடம் போக்கிவிட்டு, அதற்குள் கூரை போய்விட்டால் விவாதிக்க எதுவும் மிஞ்சாது. யோசனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூரையை மூடிவிட்டு யோசியுங்கள்.

தானியத் தூசி வெடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். காலியா இருக்கற கட்டடத்துல என்ன பயம்?

இயங்கும் இடத்தில் காற்றில் மிதக்கும் தூசிதான் வெடிக்கும். கைவிட்ட கட்டடத்தில் ஆபத்து வேறு. இடுக்குகளில் படிந்த பழைய தூசியைத் துடைப்பத்தால் கிளப்பிக்கொண்டே பக்கத்தில் வெல்டிங் செய்தால் பழைய ஆபத்து திரும்ப வந்துவிடும். புறா எச்சத்தில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை வளரும். இந்தப் பகுதியின் மான் எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடியவை. எனவே எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, நனைத்து, தகுந்த முகக்கவசம் போட்டுத்தான் அள்ள வேண்டும். விதைக்குப் பூசிய பழைய பாதரச மருந்து, பூச்சிக்கொல்லி டப்பா ஏதாவது மூலையில் கிடந்தால் தொடாமல் மாகாண அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தீ. காய்ந்த மரக் கோபுரம் பற்றிக்கொண்டால் சின்ன ஊரின் தீயணைப்பு வண்டி வேடிக்கைதான் பார்க்க முடியும். சஸ்காட்செவனின் ஃப்ளெமிங்கில் 1895இல் கட்டிய, அந்தக் காலத்திலிருந்து மிஞ்சிய மிகப் பழைய எலிவேட்டர் 2010 பிப்ரவரியில் எரிந்துபோனது. அதைக் காப்பாற்றும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது போனது. கதவைப் பூட்டுங்கள், தேவையில்லாத மின் இணைப்பைத் துண்டியுங்கள், புல்லை வெட்டி வையுங்கள்.

சும்மா நிக்கற கோபுரத்துல ஆன்டெனா வைக்கலாமா? சுவர்ல பெரிய படம் வரையலாமா?

ஆன்டெனா வைக்கலாம். கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையம் தருகிறவர்கள் எலிவேட்டர் உச்சியை வாடகைக்கு எடுப்பதுண்டு. வாடகை சிறியதாக இருந்தாலும் காப்பீட்டுக்கு உதவும், மாதாமாதம் யாரோ ஒருவர் மேலே போய்ப் பார்க்கிறார் என்பது உபரி லாபம்.

ஆஸ்திரேலியாவில் சைலோ முழுவதும் வரையும் பெரிய படங்கள் பெரும்பாலும் கான்கிரீட்டில் உள்ளவை. மரப்பலகையில் பெயின்ட் சீக்கிரம் உரியும். ஏற்கெனவே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் கம்பெனிச் சின்னத்தையும் புதுப்பித்தாலே போதும் என்பேன்.

பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுட்டா அரசாங்கம் பார்த்துக்கும் இல்லையா?

பார்த்துக்கொள்ளாது. கனடாவில் தேசிய வரலாற்றுத் தலம் என்ற அறிவிப்பு ஒரு கௌரவம், இடிப்பைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு அதில் இல்லை. அந்த அதிகாரம் மாகாணத்திடமும் ஊராட்சியிடமும் இருக்கிறது. ஆல்பர்ட்டாவில் மாகாண வரலாற்று வளமாக அறிவித்தால் சட்டக் காப்பு உண்டு, பராமரிப்பு மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு அனுமதியில்லாமல் எதையும் மாற்ற முடியாது. மானியமும் வழக்கமாகச் செலவில் ஒரு பங்குதான். மீதியை நீங்கள் திரட்ட வேண்டும்.

அதனால் வரிசை முக்கியம். உரிமை யாருக்கு என்று முடிவு செய்துகொண்டு, என்ன உபயோகம், என்ன மாற்றம் என்பதை ஓரளவு தீர்மானித்துவிட்டு, அப்புறம் அறிவிப்புக்குப் போங்கள்.

எவ்வளவு பண்ணியும் காப்பாத்த முடியலைன்னா?

இடிப்பதற்கு முன் உள்ளே போக அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அளவெடுத்து வரைபடம் போடுங்கள், ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். பலகைகளில் ஏஜென்டுகள் பென்சிலில் கிறுக்கிய எடைக்கணக்கும் தேதியும் இருக்கும், அவற்றையும் விடாதீர்கள். அங்கே வேலை செய்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரை அழைத்து வந்து, எந்த நெம்புகோல் எதற்கு என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எடைமேடை, திருப்புக்குழாயின் சக்கரம், கயிற்று லிஃப்ட், ஊர்ப் பெயர்ப் பலகை இவை நான்கையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இடிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் அவை ஒப்பந்தக்காரரின் சொத்தாகியிருக்கும்.